கேமரா மட்டும் போதுமா?

கேள்வி: வீட்டுக்கு நான்கு கேமரா மாட்டலாம் என்றிருக்கிறோம். அலாரமும் தேவையா?

பதில்: தேவைதான். கேமரா நடந்ததைக் காட்டும், ஆளைத் தடுக்காது. அதனால் முதல் செலவு நல்ல பூட்டுக்கு, அப்புறம் முன்கதவு, பின்கதவு இரண்டிலும் காந்த சென்சாருக்கு. கதவு திறந்து காந்தம் விலகியதும் அலாரம் அலறும். கேமராவை ரொம்ப உயரத்தில் மாட்டாதீர்கள், உச்சந்தலைதான் பதியும். கரண்ட் போனாலும் இணையம் அறுந்தாலும் கேமராவும் அலாரமும் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். அசைவை உணரும் சென்சார் பெரும்பாலும் உடல் வெப்பத்தைப் பார்ப்பது, வீட்டில் நாய், பூனை இருந்தால் மாட்ட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சும்மா சும்மா அலறி, எரிச்சலில் நீங்களே அணைத்துப் போட்டுவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. கேமரா, அலாரம் பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.