புதுச்சேரியிலிருந்து பெங்களூரு: அரை மணி நேரக் கணக்கு எங்கே இடிக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகள் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறாள். புதுச்சேரியிலிருந்து வான்வழித் தூரம் 265 கிலோமீட்டர்தான், விமானம் மணிக்கு 500 போகுமாம். அரை மணி நேரம்தானே ஆகணும், டிக்கெட்டில் 1 மணி 25 நிமிடம் போட்டிருக்கே? மனைவிக்கு மூட்டுவலி. விமானமா, காரா?"

சார், உங்கள் வகுத்தல் சரிதான். ஆனால் அந்த 500 என்பது மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த பிறகு எடுக்கும் வேகம். புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது, அதன் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், அதனால் அங்கே ஏர்பஸ் மாதிரி பெரிய ஜெட் வராது, இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆர் என்ற சின்ன விமானம்தான் வரும், அது நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும், 265 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். அப்புறம், டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. இங்கே நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் அதில் சேர்த்தி. பெங்களூரில் தரையிறங்க முறை வரும் வரை வானத்தில் சுற்ற வேண்டி வரலாம், இறங்கின பிறகும் கொஞ்ச தூரம் ஊர்ந்து போகணும். கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துத்தான் அட்டவணையே போடுவார்கள்.

இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். கடலூரிலிருந்து லாஸ்பேட்டைக்கு முக்கால் மணி, அரியாங்குப்பத்திலும் முருங்கப்பாக்கத்திலும் வண்டி நின்றுவிட்டால் ஒரு மணிக்கு மேல். ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். பயணம் 1 மணி 25 நிமிடம், பெட்டி வர அரை மணி. இதெல்லாம் முடிந்து நீங்கள் நிற்பது தேவனஹள்ளி விமான நிலையத்தில், நகரத்துக்கு வடக்கே. மகள் வீடு தெற்குக் கோடியில், ஓசூர் சாலையில்! ஊரையே குறுக்கே கடக்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மொத்தம் ஐந்தே முக்கால் முதல் ஆறரை மணி நேரம்.

காரில் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போனால் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சாப்பாட்டுக்கு நின்றாலும் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இந்த வழியில் வந்தால் பெங்களூருக்குள் நுழையும்போதே எலக்ட்ரானிக் சிட்டி வந்துவிடும். வடக்கே எலஹங்கா, ஹெப்பால் பக்கம் மகள் இருந்தால் யோசிக்காமல் விமானம் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு நேரத்தில் பெரிய லாபம் இல்லை. மூட்டுவலிக்காரர் நினைத்த இடத்தில் இறங்கிக் காலை நீட்டி நடக்கலாம் என்பதால் நான் கார் பக்கம்தான்.

விமானம்தான் என்று முடிவு செய்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் அன்றைக்கே முக்கியமான வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், வானிலை மோசமானால் தாமதமாகும். ஏடிஆருக்குத் தரையில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும், அதனால் டிக்கெட் போடும்போதே மனைவிக்கு வீல்சேர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.