விடுதலைப் போரில் சிந்திய ரத்தத்துக்கு யார் பொறுப்பேற்றார்கள்?

கேள்வி இதுதான்: போராளிகள் செய்த கொலைகளுக்கு யாராவது பொறுப்பேற்றார்களா, இல்லை வெள்ளைக்காரன் மட்டும்தான் குற்றவாளியா?

நான் டெல்லி கரோல் பாகில் முப்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஃபெரோஸ் ஷா கோட்லா என்ற பழைய கோட்டைக்குக் கூட்டிப் போவேன். வியாழக்கிழமை போனால் மாடங்களில் அகல் விளக்கும் ஜின்களுக்கு எழுதிய மனுக்களும் இருக்கும். 1928 செப்டம்பரில் பகத்சிங்கும் தோழர்களும் கூடியது அந்த இடிபாடுகளில்தான். டிசம்பரில் லாகூரில் போலீஸ் அதிகாரி ஸ்காட் என்று நினைத்து இன்னொரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். துரத்தி வந்த தலைமைக் காவலர் சனன் சிங்கும் செத்தார். அவரும் இந்தியர்தான், அவர் பெயரைச் சொன்னால் இன்று யாருக்குத் தெரிகிறது? ஆனால் 1929 ஏப்ரல் 8 அன்று இதே டெல்லியில் சட்டசபைக்குள் குண்டு வீசிய பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் ஓடவில்லை; நின்று கைதானார்கள்.

காந்தி வழி வேறு. 1922இல் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து இருபதுக்கு மேற்பட்ட போலீஸாரைக் கொன்றதும், ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திவிட்டு ஐந்து நாள் பட்டினி கிடந்தார். அடுத்த மாதம் அகமதாபாத்தில் தன்மீது நடந்த வழக்கில், அந்தப் பழியிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள முடியாது என்றார். சௌரி சௌரா வழக்கில் தூக்கில் தொங்கியது என்னவோ 19 பேர்.

ஆட்சியாளர் பக்கம்? ஜாலியன்வாலா பாகில் 1,650 தோட்டாக்கள், அரசுக் கணக்கிலேயே 379 சாவு. சுட உத்தரவிட்ட ராணுவ அதிகாரி டயருக்கு வேலை போனது, வழக்கு இல்லை. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை அவருக்காக நிதி திரட்டிக் கொடுத்தது.