ஐடிராக்கில் பயாஸ் அப்டேட் ‘ஷெட்யூல்டு’ என்றே நிற்கிறது: பதில்

ஐடிராக் (டெல் சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உள்ளேயே இருக்கும் தனிக் கன்ட்ரோலர்) வழியாக நேற்று பயாஸ் (சர்வர் பூட் ஆகும்போது முதலில் ஓடும் ஃபர்ம்வேர்) அப்டேட்டை ஏற்றினீர்கள், அது ‘ஷெட்யூல்டு’ என்றே நிற்கிறது, மாட்டிக்கொண்டதா என்று கேட்டிருந்தீர்கள். அது மாட்டிக்கொள்ளவில்லை, ரீபூட்டுக்காகக் காத்திருக்கிறது. டெல் பவர்எட்ஜ் சர்வர்களில் ஐடிராக்கின் சொந்த ஃபர்ம்வேர் சர்வர் ஓடும்போதே ஏறிவிடும், ஆனால் நீங்கள் நேற்று ஏற்றிய பயாஸ் ஃபைல், சர்வர் ரீஸ்டார்ட் ஆகி லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் (சர்வரிலேயே இருக்கும், அப்டேட்களைப் போடும் பகுதி) அதைக் கையில் எடுக்கும்வரை ஜாப் க்யூவில் (காத்திருக்கும் வேலைகளின் வரிசையில்) அப்படியே கிடக்கும். ஐடிராக்கை மட்டும் ரீசெட் செய்து பயனில்லை.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நகரவில்லையா? லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் எனேபிளில் இருக்கிறதா பாருங்கள், பழைய சர்வர்களில் யாராவது அணைத்து வைத்திருப்பார்கள். சரி, அதுவும் காரணம் இல்லையென்றால் க்யூவில் தொங்கும் பழைய ஜாப்களை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

அப்புறம், விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் வசதி) இருந்தால் ரீஸ்டார்ட்டுக்கு முன் அதைச் சஸ்பெண்ட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூட் ஆகும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கலாம். ஃபிளாஷ் (புது பயாஸ் எழுதப்படும் வேலை) ஓடும்போது பவரைத் தொடவே வேண்டாம்.