மோட்டார் உறுமினால் மீன் மிரளுமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டியிருக்கிறேன். பழைய சம்ப் மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது, தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற அரை ஹெச்பி. அதையே குளத்தின் நடுவில் தரையில் இறக்கி, பிவிசி பைப் போட்டு, சின்ன அருவி மாதிரி விட்டிருக்கிறேன். 12 தங்கமீன், 4 கொய் இருக்கின்றன. மோட்டார் ஓடினால் எல்லாம் ஒரே மூலையில் போய் ஒண்டிக்கொள்கின்றன. குளத்து விளிம்பில் உட்கார்ந்தால் சுவரே அதிர்வது தெரிகிறது. "அதிர்ச்சியில் மீன் செத்துப்போகும், ராத்திரியாவது ஆஃப் பண்ணி வையுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மோட்டாரை எங்கேதான் வைப்பது சார்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டாவது பாதியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். பகலில் பாசியும் செடியும் வெயிலில் ஆக்சிஜனை விடுகின்றன, இருட்டிய பிறகு அவையும் மீனோடு போட்டிபோட்டு அதே ஆக்சிஜனை இழுக்கின்றன, அதனால் விடிகிற நேரத்தில்தான் குளத்தில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். அதிலும் நம் ஊர்த் தண்ணீர் சூடு. 20 டிகிரியில் இருக்கிற தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அந்த நேரம் பார்த்து அருவியை நிறுத்தினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குளம் வைத்த முதல் வருடம், மோட்டார் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிட்டுத்தான் படுப்பேன். மார்ச் வரை ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் ஒருநாள் காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் மூன்று தங்கமீன் மல்லாந்து கிடந்தன, மிச்சமெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. போனது மூன்றும் பெரிய மீன், குட்டிகள் தப்பித்துவிட்டன. ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் இப்படித்தான், பெரியதுதான் முதலில் போகும். ஆகவே மோட்டார் ராத்திரியும் ஓடட்டும். சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது அதிர்வுக்கு வருவோம். மீனுக்குக் காது வெளியே தெரியாதே தவிர, கேட்காது என்று நினைக்காதீர்கள். தங்கமீன், கொய், நம் கட்லா, ரோகு எல்லாம் கெண்டைக் குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு: வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவில் சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலிபோலக் கோத்திருக்கும், வெபர் எலும்புகள் என்று பெயர். தண்ணீரில் வருகிற அதிர்வில் காற்றுப்பை துடிக்கும், அந்தத் துடிப்பை எலும்புகள் காதுக்குக் கொண்டுபோகும். கெளுத்திக்கும் இது உண்டு, ஜிலேபி மீனுக்குக் கிடையாது. அதாவது குளத்தில் வளர்க்க நாம் ஆசைப்பட்டு வாங்குவதே நல்ல காது உள்ள மீனாகப் பார்த்துத்தான். இது போதாதென்று உடம்பின் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுகிறதே, அது பக்கத்தில் தண்ணீர் அசைவதை உணர்வதற்கு.

நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. மோட்டாருக்குள் காந்த இழுப்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும் என்பதால் நொடிக்கு 100 அதிர்வு, அந்த 'ம்ம்ம்' ரீங்காரம் அதுதான். தங்கமீனுக்கு இது தாராளமாகக் கேட்கும். சத்தம் தண்ணீரில் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்கு வேகம். உங்கள் குளத்தின் அளவுக்கு மீன் எந்த மூலைக்கு ஓடினாலும் சத்தம் அதற்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கும். மூலையில் ஒண்டுவது பெரும்பாலும் மோட்டார் இழுக்கிற இழுப்பிலிருந்து விலகி நிற்கத்தான்.

அதற்காக அதிர்வில் மீன் பொத்தென்று செத்துவிழும் என்பதெல்லாம் இல்லை. தங்கமீனை வைத்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பலத்த இரைச்சல் போட்டதும் பத்து நிமிடத்துக்குள் பதற்ற ஹார்மோன் ஏறியது, ஆனால் இரைச்சல் நாள்கணக்கில் தொடர்ந்தபோது அது மறுபடி இறங்கிவிட்டது. மீன் பழகிக்கொள்கிறது. காதுதான் மந்தமானது, அது தேறி வர இரண்டு வாரம் ஆனது. உங்கள் மோட்டார் அந்த அளவுக்குக் கத்தாது என்றாலும், அதன் பக்கத்திலேயே ஆயுசுக்கும் குடியிருக்கச் சொல்வது நியாயமில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். பகல் பதினோரு மணிவாக்கில், ஆக்சிஜன் நன்றாக இருக்கிற நேரத்தில், மோட்டாரைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்து மேய்ந்தால் பிரச்சினை மோட்டார்தான். வராமல் அங்கேயே கிடந்தால், அல்லது கல்லில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தால், மோட்டாரைத் திட்டிப் பயனில்லை, தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். குளம் கட்டி எத்தனை நாள் ஆச்சு என்று நீங்கள் எழுதவில்லை. புது சிமென்ட் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து தடவை மாற்றிவிட்டு, அப்புறம்தான் மீன் விட வேண்டும். புதிதாக விட்ட மீன் முதல் வாரம் ஒளிந்துகொண்டிருப்பதும் சகஜம்.

சரி, மோட்டார்தான் என்று தெரிந்துவிட்டது. முதல் வேலை, அந்த சம்ப் மோட்டாரைக் குளத்திலிருந்து எடுங்கள். உங்கள் குளத்தில் இருக்கிற தண்ணீர் சுமார் 2,250 லிட்டர். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், அதற்கு 40 வாட் அளவில் கிடைக்கிற குளத்து மோட்டாரே எதேஷ்டம். வாங்கும்போது அருவி எவ்வளவு உயரம் என்று சொல்லி, அந்த உயரத்தில் எத்தனை லிட்டர் தள்ளும் என்று கேளுங்கள், பெட்டியில் போட்டிருக்கிற எண் உயரமே இல்லாத நிலைக்கானது. அரை ஹெச்பியைக் குறைந்தது 370 வாட் என்று வைத்தாலும், நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 530 யூனிட், புதியது ஓடினால் 60-கூட வராது. கரண்ட் பில் வரும்போது 'சும்மா கிடந்த மோட்டார்' சும்மா இல்லை என்று தெரியும்! இன்னொன்று, சில மோட்டார்களுக்குள் எண்ணெய் இருக்கும். சீல் போனால் அவ்வளவும் குளத்தில்தான்.

வைக்கிற இடத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த ஏற்பாடு மோட்டாரைக் குளத்துக்குள்ளேயே வைக்காமல் இருப்பது. குளத்துக்குப் பக்கத்தில், சுவரைத் தொடாமல் ஓரடி தள்ளிக் குழி வெட்டி, அடியில் மணல் பரப்பி, ஒரு 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் புதையுங்கள். குளத்தின் நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஓட்டை போட்டு இரண்டங்குலப் பைப் வழியாகத் தண்ணீர் தானாக டிரம்முக்கு வழிகிற மாதிரி செய்துவிட்டால், மோட்டார் டிரம்முக்குள் இருக்கும், குளத்துக்குள் திரும்பி வருவது தண்ணீர் மட்டும்தான். நடுவில் இருக்கிற மண்ணும் மணலும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். மேலே மிதக்கிற வேப்பிலை, சருகு எல்லாம் டிரம்மில் வந்து சேரும் என்பது உபரி லாபம். எங்காவது பைப் பிடுங்கிக்கொண்டாலும் குளம் அந்த ஓட்டை வரைதான் இறங்கும், மீன் தப்பிக்கும். கோடையில் நீர்மட்டம் ஓட்டைக்குக் கீழே போனால் டிரம் வறண்டு மோட்டார் கருகிவிடும் என்பது ஒன்றுதான் இதில் தொல்லை, தினமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

குழி வெட்ட இடமில்லை, குளத்துக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால், நடுவில் வேண்டாம். மீன்கள் ஒண்டுகிற மூலை எது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். இரண்டு செங்கல், அதன்மேல் ஒரு கடப்பா கல் துண்டு, அதன்மேல் கெட்டியான ரப்பர் மிதியடியை மடித்துப் போட்டு, அதன்மேல் மோட்டார். அரையடி உயரம் வந்துவிடும், அடியில் படிகிற சேற்றையும் இழுக்காது. எந்தப் பக்கமும் சுவரைத் தொடக்கூடாது. வாய்க்குப் பெரிய ஓட்டைகள் உள்ள ஸ்பாஞ்ச் கூடு போட்டுவிடுங்கள், குட்டி மீன் உள்ளே போகாது.

மோட்டாரை நகர்த்திவிட்டு எல்லோரும் கோட்டை விடுவது பைப்பில்தான். ரப்பர்மேல் வைத்து என்ன புண்ணியம், விறைப்பான பிவிசி பைப்பை மோட்டார் வாயிலிருந்து நேராகச் சுவரில் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோனால் அதிர்வு முழுக்க அந்த வழியாகச் சுவருக்கு ஏறிவிடும். என் வீட்டில் சுவர் வழியாகச் சமையலறை மேடை வரைக்கும் வந்தது, டம்ளர் கிணுகிணுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மோட்டாரிலிருந்து இரண்டு மூன்றடிக்கு வளைகிற ஹோஸ் போட்டு, கொஞ்சம் தொய்வு விட்டு, அப்புறம் பிவிசியில் சேருங்கள். கிளாம்ப் அடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் காய்ந்த மரக்குச்சியின் ஒரு முனையைக் குளத்து விளிம்பில் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கேளுங்கள், மெக்கானிக் இன்ஜினைக் கேட்கிற மாதிரி. எங்கே உறுமுகிறது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நான்கு கொய்யையும் பெரிய குளம் இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். அது இரண்டடி வரை வளரும், உங்கள் குளத்தின் ஆழமே அவ்வளவுதான்.

கேள்வி: மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டப்பில் அல்லி வைத்து, கொளத்தூரில் வாங்கிய கப்பி மீன் பத்து விட்டிருக்கிறேன். அழகுக்காகக் கூலர் மோட்டார் வைத்து ஃபவுண்டன் போட்டேன். உள்ளே நாலு ரப்பர் கப் வைத்து ஒட்டியும் டப் முழுக்க உறுமுகிறது. மீன்கள் இலைக்கு அடியிலேயே இருக்கின்றன, அல்லியும் பூக்கவில்லை. – வாசகி, சென்னை

பதில்: மோட்டாரை எடுத்துவிடுங்கள் மேடம், அவ்வளவுதான். அந்த ரப்பர் கப்புகள் வெயிலிலும் தண்ணீரிலும் சீக்கிரம் கல்லாக இறுகிவிடும். அப்புறம் டப்பின் மெல்லிய சுவர் மேளத்தோல் மாதிரி, மோட்டார் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். அது போக, அல்லிக்கு அசையாத தண்ணீர்தான் பிடிக்கும், இலைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் முகம் சுளிக்கும். கப்பி நீச்சலில் பலசாலி இல்லை. பத்து கப்பிக்கு, வாயகன்ற டப்பாக இருந்தால், மேல்பரப்பில் கலக்கிற காற்றே போதும். அவை குட்டி போட்டு ஐம்பதானால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: இரண்டு வருடமாக அமைதியாக ஓடிய குளத்து மோட்டார் இப்போது ஜல்லியை அரைக்கிற மாதிரி சத்தம் போடுகிறது. மாற்ற வேண்டுமா? – வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள். வாய் அடைத்திருந்தால் மோட்டார் தண்ணீருக்குத் தவிக்கும், உள்ளே குமிழிகள் உருவாகி உடையும், அந்தச் சத்தம்தான் ஜல்லி மாதிரி கேட்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு முன்மூடியைத் திறந்து இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற சின்ன விசிறியை, வெளியே இழுங்கள். போர் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். தண்ணீர் கலந்த வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். நடுவில் இருக்கிற தண்டு தேய்ந்து ஆடினால் இம்பெல்லரை மட்டும் மாற்றலாம், கடையில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மோட்டார் ஓடும்போது மீன்கள் திடீர் திடீரென்று துள்ளித் தெறிக்கின்றன. தண்ணீரில் கை வைத்தால் லேசாகச் சுரீர் என்கிறது. அதிர்வாகத்தான் இருக்கும் என்கிறார் விற்ற கடைக்காரர். – வாசகர், கும்பகோணம்

பதில்: அது அதிர்வு இல்லை, கரண்ட். இதைப் படித்ததும் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்குங்கள், அதுவரை வீட்டில் யாரும் தண்ணீரைத் தொட வேண்டாம். ஒயரோ சீலோ விட்டிருக்கும். இன்சுலேஷன் டேப் சுற்றி மறுபடி இறக்குகிற வேலையெல்லாம் வேண்டாம், மோட்டாரையே மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி, அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டுவிடுங்கள். போட்ட பிறகும், ப்ளக்கைப் பிடுங்காமல் குளத்தில் கை வைக்காதீர்கள். கடைக்காரரிடம் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.