பாலே நமக்கு எதற்கு?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். 10 வயது மகள் இரண்டு ஆண்டுகளாக ஈப்போவில் பாலே கற்கிறாள். அதையே தொழிலாக்கிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள். உறவினர்கள் சிரிக்கிறார்கள். நமக்குப் பரதம் இருக்கும்போது வெள்ளைக்காரன் ஆட்டம் எதற்கு, வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு செலவா என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உறவினர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காக என்றால், நிறுத்தாதீர்கள். கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் அது நேர்மையான காரணம். மகளை உட்காரவைத்து அதை மறைக்காமல் சொல்லலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் செலவைவிட ஊர்ப் பேச்சுதான் பெரிதாகத் தெரிகிறது.

பொழுதுபோக்கு என்கிறீர்கள். ஒரு தொழில்முறைப் பாலே கலைஞரின் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வகுப்பு. சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்வதில் ஆரம்பம். உங்கள் மகள் முதல் மாதத்தில் கற்றது அதுதான். இருபது ஆண்டு ஆடிய முதன்மைக் கலைஞரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே கம்பியோரம் நின்று அதைச் செய்கிறார்கள். முந்தைய இரவு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியிருந்தாலும் மறுநாள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் கத்தியைத் தீட்டாமல் மரத்தடிக்குப் போனதில்லை. இவர்கள் உடம்பை அப்படித் தீட்டுகிறார்கள். பிறகு மாலைவரை ஒத்திகை. நிகழ்ச்சி இருந்தால் இரவு மேடை.

கால்விரல் நுனியில் நிற்க அணியும் அந்தக் காலணிக்குள் இரும்பும் இல்லை, மரமும் இல்லை. பசையிட்டு இறுக்கிய துணியும் தாளும்தான் பெரும்பாலும். நீண்ட நாட்டிய நாடகம் என்றால் ஒரு ஜோடி ஒரே இரவில் தளர்ந்துபோகும். கொப்புளம், கறுத்து விழும் நகம், கணுக்கால் சுளுக்கு, பாத எலும்பில் மயிரிழை முறிவு எல்லாம் உண்டு. இத்தனைக்கும் பார்ப்பவர் கண்ணுக்கு உடம்பில் எடையே இல்லாததுபோல் தெரிய வேண்டும். பாரிஸ் ஓப்பராவின் நடனக் கலைஞர்களுக்கு ஓய்வு வயது 42. மற்ற தொழில்களில் பலர் அப்போதுதான் மேலே வருகிறார்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கானது என்றும் உங்கள் உறவினர்கள் சொல்லக்கூடும். உலகம் முழுதும் கொண்டாடிய பாலே கலைஞர் ஆன்னா பாவ்லோவா, ரஷ்யாவில் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகள். நோஞ்சான் குழந்தை. முதலில் அரசு நடனப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. 10 வயதில்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1931-ல் இறக்கும்போது வயது ஐம்பதைத் தொடவில்லை. கடைசிவரை ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தார்.

இப்போது பரதத்துக்கு வருவோம். பரதம் கற்பிக்கும் சென்னை கலாக்ஷேத்ராவை 1936-ல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் பயின்றது பாலே. பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று அவரைத் தூண்டியவர் பாவ்லோவாதான். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935-ல் அடையாற்றில் மேடையேறினார். (பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிகளும், நடனம் கற்பித்த நட்டுவனார்களும். அந்தப் பெருமை வேறு யாருக்கும் போகாது.) ஒரு பெண் பாலே கற்றதால் பரதம் தேய்ந்துவிடும் என்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

நம் மலேசியாவிலேயே பாருங்கள். மலாய்க்காரரான ராம்லி இப்ராஹிம் பாலே பயின்றார், சிட்னியில் தொழில்முறைக் குழுவில் ஆடினார், அடையாறு லட்சுமணனிடம் பரதம் கற்றார், ஒடிசா மாநிலத்து நடனமான ஒடிசியும் கற்றார். 1983-ல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். அவர் நம் நடனத்தை ஆடும்போது பெருமையோடு முன்வரிசையில் உட்காருகிறோம். நம் வீட்டுப் பெண் இன்னொருவர் நடனத்தைக் கற்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? இந்த ஒருவழிப் பெருமை எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆனால் தொழிலாக்குவேன் என்று சொல்லும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதச் சம்பளம் கொடுத்து ஆண்டு முழுதும் ஆடவைக்கும் பெரிய குழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் இருக்கின்றன. பக்கத்தில் என்றால் சிங்கப்பூரில் 1988-ல் தொடங்கிய குழு ஒன்று உண்டு. இடங்கள் சில; காத்திருப்பவர்கள் ஏராளம். பதினாறு, பதினேழு வயதில் முழுநேரப் பயிற்சிக்கு வெளிநாடு போக நேரலாம். அதனால் பள்ளிப் படிப்பை விடக்கூடாது. கணுக்கால் ஒருமுறை மோசமாகப் பிசகினால்கூடத் தொழில் நின்றுபோகலாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது உறவினர்களுக்கு அல்ல, இரண்டு விஷயங்களுக்கு. வளரும் பெண்ணிடம் யாராவது எடையைக் குறை, சோற்றை நிறுத்து என்றால் உடனே தலையிடுங்கள். போதிய சாப்பாடு இல்லாமல் கடும் பயிற்சி செய்தால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பு வலுவிழக்கலாம். இந்தத் தொழிலில் பல பெண்கள் அப்படிச் சீரழிந்திருக்கிறார்கள். அடுத்தது, விரல் நுனியில் நிற்க அணியும் அந்தக் காலணி. சில ஆண்டுகள் ஒழுங்கான பயிற்சி முடிந்து, பாதமும் கணுக்காலும் இடுப்பும் வலுப்பெற்ற பிறகே அதை அணியவேண்டும். பெரும்பாலும் 11, 12 வயதுக்கு முன் நல்ல ஆசிரியர்கள் அனுமதிப்பதில்லை. ஆண்டுவிழா மேடையில் அழகாக இருக்கும் என்று உங்கள் மகளை இப்போதே அதில் நிற்கவைக்க யாராவது முயன்றால், அன்றைக்கே வேறு வகுப்பு தேடுங்கள்.