கேள்வி – பதில்: முருங்கையிலை வறையும் சாப்பாட்டுக்குப் பின் பிளேன்ரீயும்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. இரத்தத்தில் இரும்பு குறைவு என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து மத்தியானச் சோற்றுடன் முருங்கையிலை வறையோ பொன்னாங்காணியோ தவறாமல் கொடுக்கிறேன். சாப்பிட்டு எழும்பியதும் ஒரு பிளேன்ரீ குடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மூன்று மாதத்தின் பின் சோதித்தும் பெரிய மாற்றம் இல்லை. கீரையின் சத்து எங்கே போகிறது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கீரை கொடுத்ததில் பிழை இல்லை, அம்மா. நீங்கள் போகிற போக்கில் எழுதிய பிளேன்ரீயில்தான் பதிலின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பு, மீன் இறைச்சியில் உள்ளதைப் போல எளிதில் உடலில் சேர்வதில்லை. அதே வேளையில் வயிற்றில் அதனோடு எது கலக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் சேர்மானம் கூடும் அல்லது குறையும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்ச முடியாதபடி செய்துவிடுவதால், சோற்றோடு குடிக்கும் ஒரு கோப்பை, அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடக்கூடும். கோப்பியும் அப்படித்தான்.

இதற்கு மாற்று உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் சொதியை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்ட பிறகே தேசிப்புளி விடுவார்கள். கொதிக்கும்போது விட்டால் கைத்துப்போகும் என்பது பெரியவர்கள் சொன்ன காரணம். வெப்பத்தில் அழியும் விற்றமின் சி-யும் அதனால் பெருமளவு தப்பிவிடுகிறது, கீரையின் இரும்பை உடலில் சேர்ப்பதற்கு அதுதான் பெரிய துணை. சொதியின் தேங்காய்ப்பாலும் வறையில் போடும் தேங்காய்ப்பூவும் கொழுப்பைத் தருவதால், முருங்கையிலையின் கரோட்டினும் (உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து) நன்றாகச் சேர்கிறது. சோற்றில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருப்பதும் இவ்வகைத் துணையே.

ஆகவே எது நல்ல உணவு என்பதோடு, எதனோடு எது தட்டுக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் புட்டு அவித்தால் கறியோ சம்பலோ கூடவே வரும். பாண் வாங்கினால் பல வீடுகளில் மாஜரினும் ஜாமும் சீனி போட்ட தேநீரும் அதனோடு சேர்ந்துவிடுகின்றன. பாணை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது, அதே பாணைப் பருப்புக் கறியோடு சாப்பிட்டால் அது வேறு சாப்பாடு.

மகளின் தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது பின்னுக்குத் தள்ளுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் குடித்தால் இன்னும் நல்லது. வறையை இறக்கிய பின் தேசிப்புளி விடுங்கள், அல்லது சோற்றுக்குப் பின் ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். மீன் சாப்பிடும் வீடாயின் ஒரு துண்டு மீன், கீரையின் இரும்பும் சேர உதவும். வைத்தியர் இரும்புக் குளிசை தந்திருந்தால் நிறுத்த வேண்டாம். அதையும் தேநீரோடோ பாலோடோ விழுங்கக் கூடாது. மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமா என்று மகளிடம் கேட்டு, அடுத்த சோதனையின்போது வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த இழப்பைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுசெய்வது கடினம்.