மர்லினைத் திருப்பிப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் மர்லின் மன்றோ படத்தை 900 வெள்ளிக்கு வாங்கினேன். கீழே வலது மூலையில் பென்சில் கையெழுத்து, பக்கத்தில் 114/250 என்று எண், அதாவது 250 பிரதியில் 114-ஆம் எண். பின்னால் ‘உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் ஸ்டாம்பு. இதே மர்லின் 2022-இல் 195 மில்லியன் டாலருக்கு விற்றதாக மச்சான் சொல்கிறார். அசலா? – ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முதலில் மச்சானுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். 195 மில்லியனுக்குப் போனது 1964-இல் வார்ஹோல் துணியில் செய்த ஓவியம். நீங்கள் வாங்கியது காகிதத்தில் அச்சடித்தது. முகம் ஒன்றுதான், கதை வேறு.

1967-இல் வார்ஹோல் மர்லினைப் பத்து வெவ்வேறு நிறச் சேர்க்கையில் ஸ்கிரீன் பிரிண்ட்டாக, அதாவது வலை வழியே மை இழுத்து அச்சடித்து, வெளியிட்டார். 250 செட். ஒவ்வொரு தாளும் 36 அங்குலச் சதுரம். கையெழுத்து பென்சிலில்தான், ஆனால் தாளின் பின்பக்கம். எண்ணும் பின்பக்கம்தான், அதுவும் ரப்பர் ஸ்டாம்பால் குத்தியது. ஆகவே முன்பக்கம் மூலையில் கையெழுத்தும் எண்ணும் அழகாக உட்கார்ந்திருக்கும் மர்லினைக் கண்டால் எனக்கு அப்போதே கை பின்வாங்கும். அதற்காக முன்பக்கக் கையெழுத்தெல்லாம் போலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1983-இல் அவர் செய்த அழிந்துவரும் விலங்குகள் வரிசையில் முன்பக்கம்தான் போட்டிருக்கிறார், எண்ணிக்கையும் அங்கே 150. எந்த ஆண்டு, எந்த வரிசை, எங்கே, எதைக் கொண்டு கையெழுத்திட்டார் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். ஃபெல்ட்மேனும் ஷெல்மேனும் தொகுத்த அச்சுப் பட்டியலில் இதெல்லாம் வரிசை வாரியாக இருக்கிறது. வாங்கும் முன் அதைப் புரட்டாதவர் பணத்தோடு சந்தைக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி.

இப்போது அந்த ஸ்டாம்பு. 1970 வாக்கில் பெல்ஜியத்தில் ‘சன்டே பி. மார்னிங்’ என்ற பெயரில் மர்லினை மறுபடி அச்சடித்தார்கள். வார்ஹோலோடு சேர்ந்து தொடங்கி, பிறகு மனக்கசப்பாகி, அவர் இல்லாமலேயே அச்சு ஓடியது. அதன் பின்னால்தான் நீங்கள் சொல்லும் வாசகம் இருக்கும். முதலில் கறுப்பு மை, பின்னாளில் அடித்தவற்றில் நீல மை. அவற்றில் சிலது வார்ஹோல் கைக்கே வந்தபோது ‘இது நான் செய்ததல்ல’ என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாராம்! உங்கள் படத்தைப் பொறுத்தவரை, ஸ்டாம்பு சொன்ன பேச்சை யாரோ தட்டாமல் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனாலும் உடனே அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். பழைய கறுப்பு ஸ்டாம்பு பிரதிக்கு அதற்கென்று ஒரு சந்தை உண்டு, மூலையில் இருக்கும் அந்தப் பென்சில்தான் அதன் மதிப்பைக் கெடுக்கிறது. யாரிடமாவது காட்டி ‘அசல்’ என்று முத்திரை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதற்காக இருந்த வார்ஹோல் சான்றளிப்புக் குழு 1995-இல் தொடங்கி, வழக்குச் செலவு தாங்காமல் 2012-இல் மூடிவிட்டது. இனிமேல் பழைய ரசீது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு, இவைதான் சாட்சி.

கேள்வி: ஸ்கிரீன் பிரிண்ட்டையும் சாதாரண போஸ்டரையும் கண்ணால் பிரித்தறிய முடியுமா? – ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முடியும். இளவயதில் செந்தூலில் ஓர் அச்சுக்கூடத்தில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் டீ-சட்டைகளுக்கு ஸ்கிரீன் இழுத்தவன் நான், ஆகவே இதைக் கையால் சொல்கிறேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன் மேல் கெட்டியான மை, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மை தாளுக்குள் ஊறாமல் மேலே படிந்து நிற்கும். தாளைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், நிறம் முடியும் இடத்தில் மெல்லிய வரப்பு மாதிரி தெரியும். மர்லினின் மஞ்சள் முடி முகத்தின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று தனியாகப் படிந்திருக்கும். சாதாரண போஸ்டர் ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்தது, அதைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூக்கோலம் மாதிரி கலந்து கிடக்கும். வார்ஹோலிலும் புள்ளி உண்டு, மூலப் புகைப்படத்திலிருந்து வந்தது, ஆனால் அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே நிறம்.

கையெழுத்துக்கும் அதே டார்ச்தான். பென்சில் என்றால் காகிதத்தில் சின்னப் பள்ளமும் கரியின் மினுமினுப்பும் இருக்கும். அச்சடித்த கையெழுத்து தட்டையாக, செத்துப்போய்க் கிடக்கும்.

கேள்வி: 3/100 என்றால் 97/100-ஐ விட உசத்தியா? ஏ.பி. என்றால் என்ன? – ஒரு வாசகர், கெப்போங்

பதில்: இல்லை. அடித்து முடித்துக் குவித்து வைத்த தாள்களை எடுத்து எண் போடுவார்கள், மூன்றாவதாக எடுத்தது மூன்றாவதாக அடித்ததாக இருக்க வேண்டியதில்லை. ஏ.பி. என்பது ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்’, ஓவியர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி, நூறுக்கு வெளியே கூடுதலாகச் சில. விலை கேட்கும்போது கடைக்காரர் சின்ன எண்ணைக் காட்டிப் பேசினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: அப்பா வாங்கிவைத்த ஒரு பிரிண்ட்டில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. என்ன செய்வது? – ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: நம் ஊர்க் காற்றின் ஈரம்தான் காரணம். பினாங்கில் கடலோரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மலிவான அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். வீட்டில் பிளீச் வைத்துத் துடைக்காதீர்கள், காகிதம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பிறகு அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக். மழை மோதும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.

ஃபிரேம் கடைக்குக் கொடுக்கும்போது என் கதை நினைவிருக்கட்டும். பல வருடங்களுக்கு முன் ஓர் உள்ளூர் ஓவியரின் பிரிண்ட்டைக் கோலாலம்பூரில் ஒரு கடையில் விட்டுவிட்டு நான்கு நாள் கழித்துப் போனேன். கடைக்காரர் பெருமையாகக் காட்டினார். தாளை முழுதாகப் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிட்டார். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று நான்கு ஓரமும் வெட்டியிருந்தார், எண் எழுதியிருந்த ஓரமும் சேர்த்து. “இப்ப நல்லா இருக்கு பாருங்க ஐயா” என்றார். என்ன சொல்ல, கேட்டுக்கொண்டு விடாத என் தப்பு. “ஒட்டாதே, வெட்டாதே” என்று துண்டுச்சீட்டில் எழுதியே கொடுங்கள். ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை மாவுப் பசையும் வைத்து மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிடுவதுதான் முறை.

கேள்வி: வார்ஹோல் நமக்குக் கட்டுப்படியாகாது. 500 வெள்ளிக்குள் தொடங்க வழி உண்டா? – கல்லூரி மாணவர், பினாங்கு

பதில்: உண்டு. பழைய குடும்பப் புகைப்படங்களை ஸ்கிரீன் பிரிண்ட்டாகவும் ஒட்டுச் சித்திரமாகவும் மாற்றிய நம் நாட்டு ஓவியர் ரெட்சா பியாடாசா உங்கள் தொகைக்குள் வரமாட்டார், ஆனால் அருங்காட்சியகத்தில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். வாங்குவதற்கு உங்கள் ஜார்ஜ்டவுனில் பழைய பஸ் டிப்போவைக் கலைக்கூடமாக்கிய ஹின் பஸ் டிப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைப் பக்கம் ஒரு நடை போங்கள். இளம் ஓவியர் யாராவது பிரிண்ட் வைத்திருந்தால் மொத்தம் எத்தனை அடித்தீர்கள், மறுபடி அடிக்க முடியாதபடி ஸ்கிரீனை அழித்துவிட்டீர்களா என்று கேளுங்கள். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு.